வேகமா, திசைவேகமா? படிவம் நான்கு மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் மாலை நேரத்தில் இயற்பியல் டியூஷன் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் படிவம் நான்கு பிள்ளைகள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். "திசைவேகம் என்றால் என்ன?" என்று கேட்டால் எல்லாரும் சரியாகச் சொல்வார்கள்: திசையோடு சேர்ந்த வேகம். கணக்கைக் கையில் கொடுத்தால்தான் சிக்கல் தெரியும். வேகத்தைக் கண்டுபிடித்து, விடைக்குப் பின்னால் "வடக்கு" என்று ஒட்டிவிடுவார்கள். "டீச்சர், திசை எழுதிட்டேனே, ஏன் தப்பு?" என்று கேட்கும்போது அவர்கள் முகத்தில் இருக்கும் குழப்பம் உண்மையானது.

வேகம் தூரத்திலிருந்து வருகிறது. திசைவேகம் இடப்பெயர்ச்சியிலிருந்து, அதாவது புறப்பட்ட இடத்திலிருந்து வந்து சேர்ந்த இடத்துக்குப் போடும் நேர் அம்பிலிருந்து, வருகிறது. வேர் வேறாக இருப்பதால், ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு அதில் திசையை ஒட்டினால் மற்றது கிடைக்காது. அதனால் இந்த வழிகாட்டியில் திசைவேகம் ஐந்தாம் படியில்தான் வரும். அதற்கு முந்தைய நான்கு படிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

கட்டம் போட்ட நோட்டு, அடிக்கோல், நீலப் பேனா, சிவப்புப் பேனா, கோணமானி. கடைசிப் படிக்கு ஒரு நீளமான கயிறும் கைப்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரமும் வேண்டும். கணிதத்தில் பித்தாகரஸ் தேற்றம் தெரிந்திருந்தால் போதும். கால்குலேட்டரை மூன்றாம் படி வரை பைக்குள்ளேயே வைத்திருங்கள். அது கையில் இருந்தால் படம் வரையும் பொறுமை போய்விடுகிறது.

1. மூன்று மொழிச் சொற்களையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் "வேகம்" என்று படித்துவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே அது மலாயில் லாஜு ஆகிவிடுகிறது. சில வகுப்புகளில் ஆங்கிலத்தில் ஸ்பீட். சொல் மாறும்போது பொருளும் லேசாக நழுவுகிறது. அதனால் முதல் வேலை இது: தூரம் என்பது ஜாராக், டிஸ்டன்ஸ். இடப்பெயர்ச்சி என்பது செசாரான், டிஸ்பிளேஸ்மென்ட். வேகம் என்பது லாஜு, ஸ்பீட். திசைவேகம் என்பது ஹாலாஜு, வெலாசிட்டி. முடுக்கம் என்பது பெச்சுத்தான், ஆக்சிலரேஷன்.

யூடியூபில் தமிழில் பாடம் தேடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பாடங்களில் ஸ்பீடுக்கு "கதி" என்றும் வெலாசிட்டிக்கு "வேகம்" என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் ஸ்பீட் என்பது "வேகம்", வெலாசிட்டி என்பது "திசைவேகம்". ஒரே "வேகம்" இரண்டு நாட்டில் இரண்டு பொருள். சென்ற ஆண்டு ஒரு பெண் இரண்டு காணொளிகளையும் பார்த்துவிட்டு, இரண்டில் ஒன்று தப்பு என்று நினைத்து மூன்று நாள் குழம்பியிருக்கிறாள். இரண்டுமே சரி, வழக்குதான் வேறு. இங்கே நான் தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றுகிறேன்.

2. அலகை முதலில் மாற்றிவிடுங்கள்

மோட்டார் சைக்கிள் மீட்டரில் மணிக்குக் கிலோமீட்டர். கணக்கில் பெரும்பாலும் வினாடிக்கு மீட்டர். 1 கிலோமீட்டர் 1000 மீட்டர், 1 மணி நேரம் 3600 வினாடி. 3600-ஐ 1000-ஆல் வகுத்தால் 3.6. ஆகவே மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 10 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர்.

பெருக்குவதா, வகுப்பதா என்று சந்தேகம் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: வினாடிக்கு மீட்டரில் எழுதும் எண் எப்போதும் சின்னதாக இருக்கும். இதை முதலிலேயே முடித்துவிடச் சொல்வதற்குக் காரணம், கணக்கின் நடுவில் மாற்றுபவர்கள் தூரத்தை மாற்றிவிட்டு நேரத்தை மறந்துவிடுகிறார்கள்.

3. படம் வரையுங்கள்: பாதை நீலத்தில், அம்பு சிவப்பில்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ஒரு பையன் லயத்து வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் கிழக்கே 600 மீட்டர் போனால் தோட்டத்து மாரியம்மன் கோயில். அங்கே இடது பக்கம் திரும்பி நேர் வடக்கே 800 மீட்டர் போனால் ஒட்டுக்கடை. பையன் கடையில் நிற்கிறான்.

நோட்டில் ஒரு கட்டத்துக்கு 100 மீட்டர் என்று வைத்து, அவன் போன பாதையை நீலப் பேனாவால் வரையுங்கள். கிழக்கே ஆறு கட்டம், வடக்கே எட்டுக் கட்டம். அடுத்து சிவப்புப் பேனாவை எடுத்து, வீட்டிலிருந்து கடைக்கு ஒரே நேர்க்கோடு போட்டு, கடைப் பக்கம் அம்புக்குறி வையுங்கள். இடையில் செம்பனை மரங்கள் இருக்கின்றன, சைக்கிள் போகாது என்பதெல்லாம் இங்கே கணக்கில் இல்லை. புறப்பட்ட இடத்திலிருந்து அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்பதை மட்டும்தான் சிவப்பு அம்பு சொல்கிறது.

நீலக் கோட்டின் மொத்த நீளம் தூரம்: 600 + 800 = 1400 மீட்டர். சிவப்பு அம்பு இடப்பெயர்ச்சி. 600, 800 பக்கங்களைக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் நீளமான பக்கம் அது. பித்தாகரஸ்படி 1000 மீட்டர். கோணமானியை வைத்துப் பார்த்தால், அம்பு வடக்கிலிருந்து கிழக்குப் பக்கமாக ஏறக்குறைய 37 பாகை சாய்ந்திருக்கும். நீளம், திசை இரண்டும் எழுதினால்தான் இடப்பெயர்ச்சி முழுமை.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று: "கிழக்கே போய் வடக்கே போனான், ஆகவே இடப்பெயர்ச்சி 1400 மீட்டர் வடகிழக்கு" என்று எழுதுவது. நீளம் நீலக் கோட்டிலிருந்து வந்தது, திசை கண்ணால் குத்துமதிப்பாக வந்தது. இரண்டுமே தப்பு. சரியான வடகிழக்கு என்றால் 45 பாகை. இங்கே வடக்கே போனது அதிகம் என்பதால் அம்பு வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

இன்னொரு பிழை அம்பைத் தலைகீழாகப் போடுவது. கடையிலிருந்து வீட்டுக்கு அம்பு போட்டால் நீளம் மாறாது, திசை நேர் எதிராகிவிடும். புறப்பட்ட இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டு வரையத் தொடங்கினால் இந்தப் பிழை வராது.

4. எந்த நேரம் என்று முடிவு செய்யுங்கள்

பையன் வீட்டிலிருந்து கடைக்கு 400 வினாடி மிதித்தான். நடுவில் கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்திக் கும்பிட்டுவிட்டு 100 வினாடி கழித்துக் கிளம்பினான். மொத்தம் 500 வினாடி.

சராசரி கேட்டால் எடுக்க வேண்டியது 500. நின்ற நேரத்தைக் கழிக்கக் கூடாது. "நிற்கும்போது அவன் ஓடவே இல்லையே டீச்சர்" என்பார்கள். உண்மைதான். ஆனால் சராசரி என்பது முழுப் பயணத்துக்கும் உரியது. கடையில் காத்திருப்பவருக்கு அவன் எத்தனை வினாடியில் வந்தான் என்பதுதான் கணக்கு. கேள்வியில் "நகர்ந்த நேரத்தில்" என்று தனியாகக் கேட்டிருந்தால் மட்டும் 400-ஐ எடுங்கள்.

5. இப்போது இரண்டு தடவை வகுங்கள்

நீலக் கோட்டின் நீளத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம்: 1400 ÷ 500 = வினாடிக்கு 2.8 மீட்டர். திசை எழுத வேண்டியதில்லை.

சிவப்பு அம்பின் நீளத்தை அதே நேரத்தால் வகுத்தால் சராசரித் திசைவேகம்: 1000 ÷ 500 = வினாடிக்கு 2.0 மீட்டர். இதனோடு அம்பின் திசை: வடக்கிலிருந்து கிழக்காக 37 பாகை.

எண்களையே பாருங்கள். 2.8 வேறு, 2.0 வேறு. 2.8-க்குப் பக்கத்தில் எந்தத் திசையை எழுதினாலும் அது 2.0 ஆகப் போவதில்லை. தொடக்கத்தில் சொன்ன பிழை எங்கே பிறக்கிறது என்று இங்கே கண்ணுக்குத் தெரியும்.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. அம்பின் நீளம் பாதையின் நீளத்தைவிட அதிகமாக இருக்கவே முடியாது. அதனால் சராசரித் திசைவேகத்தின் எண் சராசரி வேகத்தைவிடப் பெரிதாக வந்தால் எங்கோ தவறிவிட்டீர்கள். இரண்டும் சமமாக வருவது, திரும்பாமல் ஒரே நேர்க்கோட்டில் போனால் மட்டும்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் டிக்கர் டைமர் நாடாவை வைத்துச் செய்யும் சோதனையில் பிள்ளைகள் குழம்புவதற்கும் இதுதான் காரணம். அந்தக் கருவி வினாடிக்கு 50 புள்ளி போடும். இரண்டு புள்ளிக்கு இடையே 0.02 வினாடி. நாடா ஒரே பக்கமாக, நேராக இழுபடுவதால் தூரமும் இடப்பெயர்ச்சியின் நீளமும் ஒன்றாகிவிடுகின்றன. புத்தகத்தில் ஒரு பக்கம் வேகம் என்று சொல்லும், அடுத்த பக்கம் திசைவேகம் என்று சொல்லும், எண் ஒன்றாகவே வரும். "அப்போ ரெண்டும் ஒண்ணுதானே" என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தச் சோதனையில் மட்டும் அப்படி.

6. ஒரே ரோட்டில் போய்வந்தால்: கூட்டல் குறி, கழித்தல் குறி

நேர்க்கோட்டுப் பயணத்துக்குக் கோணமானி வேண்டாம், குறி போதும். கணக்கைத் தொடங்கும் முன்பே "கிழக்கு கூட்டல், மேற்கு கழித்தல்" என்று தாளில் எழுதிவிடுங்கள். எந்தப் பக்கத்தைக் கூட்டலாக எடுத்தாலும் பரவாயில்லை. நடுவில் மாற்றினால்தான் கணக்கு கெடும்.

ஒரு பெண் திடலோரமாகக் கிழக்கே 120 மீட்டரை 60 வினாடியில் நடக்கிறாள். பிறகு திரும்பி மேற்கே 40 மீட்டரை 20 வினாடியில் நடக்கிறாள். தூரம் 160 மீட்டர், நேரம் 80 வினாடி, சராசரி வேகம் வினாடிக்கு 2 மீட்டர். இடப்பெயர்ச்சி +120 − 40 = +80 மீட்டர். சராசரித் திசைவேகம் வினாடிக்கு +1 மீட்டர், அதாவது கிழக்கே 1 மீட்டர்.

அவள் அதே நடையில் இன்னும் 80 மீட்டர் மேற்கே நடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டால்? தூரம் 240 மீட்டர், நேரம் 120 வினாடி, வேகம் அதே 2. இடப்பெயர்ச்சி சுழி, ஆகவே சராசரித் திசைவேகமும் சுழி. "வேர்த்து விறுவிறுக்க நடந்திருக்கிறாள், சுழியா?" என்று பிள்ளைகளுக்கு மனம் ஒப்பாது. விளையாட்டுப் போட்டி நாளில் 400 மீட்டர் தடகளத்தில் ஒரு முழுச் சுற்று ஓடுபவருக்கும் இதேதான். அவருடைய உழைப்பை அளக்க வேகம் இருக்கிறது. திசைவேகம் கேட்கும் கேள்வியே வேறு: தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு விரைவாக, எந்தப் பக்கம் விலகினாய்?

குறியைப் பற்றி இன்னொரு வார்த்தை. −5 என்பது +2-ஐவிட மெதுவானது அல்ல. கழித்தல் குறி எதிர்ப்பக்கம் போகிறது என்று மட்டும் சொல்கிறது. வேகத்துக்குக் கழித்தல் குறி வரவே கூடாது. வேகம் கேட்ட இடத்தில் கழித்தல் வந்திருந்தால், அம்பை எடுத்து வகுத்திருக்கிறீர்கள்.

7. சராசரியா, அந்தக் கணத்திலா?

மோட்டார் மீட்டரின் முள் காட்டுவது அந்தக் கணத்தின் வேகம். ஊருக்குள் போனாலும் ஈப்போவுக்குப் போனாலும் முள்ளுக்குத் திசை தெரியாது. அதனுடன் வண்டி எந்தப் பக்கம் போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அந்தக் கணத்தின் திசைவேகம்.

இங்கே கவனம் தேவை. ஒரு கணத்தை மட்டும் எடுத்தால் வேகத்தின் எண்ணும் திசைவேகத்தின் எண்ணும் எப்போதும் ஒன்றுதான். அவ்வளவு சின்ன நேரத்தில் பாதை வளைய இடமே இல்லை. அங்கே வேகத்தோடு திசையைச் சேர்ப்பது சரியே. அந்த விதியைத்தான் பிள்ளைகள் சராசரிக்கும் இழுத்துக்கொண்டு வந்து மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே கேள்வியில் "சராசரி" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வட்டம் போடுங்கள்.

சராசரி வேகத்தில் இன்னொரு பொறி உண்டு. போகும்போது மணிக்கு 60 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 40 என்றால், சராசரி 50 என்று எழுதிவிடுவார்கள். ஒரு வழி 120 கிலோமீட்டர் என்று வைத்துப் பாருங்கள். போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம். 240 ÷ 5 = 48. மெதுவாக வந்த பயணம் அதிக நேரம் எடுத்துக்கொண்டதால் அதன் பங்கு கூடிவிட்டது. இரண்டு வேகத்தைக் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். மொத்தத் தூரம், மொத்த நேரம், அவ்வளவுதான்.

8. வளைவில் என்ன ஆகிறது

வேகம் மாறாமலே திசைவேகம் மாறலாம். இதை வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள், படத்தில் காட்ட வேண்டும்.

ஒரு மோட்டார் கிழக்கே வினாடிக்கு 10 மீட்டரில் போகிறது. வளைவில் திரும்பி, அதே 10 மீட்டரில் வடக்கே போகிறது. திரும்ப 4 வினாடி ஆனது. முள் நகரவே இல்லை.

இரண்டு திசைவேகத்தையும் ஒரே புள்ளியிலிருந்து இரண்டு அம்புகளாக வரையுங்கள். பழைய அம்பின் நுனியிலிருந்து புதிய அம்பின் நுனிக்கு மூன்றாவது அம்பைப் போடுங்கள். அதுதான் திசைவேகத்தில் ஏற்பட்ட மாற்றம். நீளம் ஏறக்குறைய 14.1, திசை வடமேற்கு. முடுக்கம் என்பது திசைவேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது. ஆகவே அந்த மாற்றத்தை 4 வினாடியால் வகுத்தால் சராசரி முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு ஏறக்குறைய 3.5 மீட்டர், வடமேற்கே. 10 − 10 = 0, ஆகவே முடுக்கம் இல்லை என்று எழுதியவர்கள் வேகத்தைக் கழித்திருக்கிறார்கள்.

முடுக்கம் இருக்கிறது என்றால் விசையும் இருக்க வேண்டும். வளைவின் உட்பக்கமாக மோட்டாரைத் தள்ளும் அந்த விசையைத் தருவது டயருக்கும் ரோட்டுக்கும் இடையிலான உராய்வு. மழைக்குப் பிறகு தோட்டத்துச் செம்மண் ரோட்டில் அந்த உராய்வு குறைந்துவிடுகிறது. போதுமான விசை கிடைக்காத மோட்டார் திரும்பாமல் பழைய திசையிலேயே நேராக வழுக்கிக்கொண்டு போகிறது. என் வகுப்புக்கு மோட்டாரில் வரும் பையன்களுக்கு இதை மட்டும் இரண்டு தடவை சொல்வேன். நேர்ரோட்டில் பிரச்சினை தராத அதே வேகம் வளைவில் கீழே தள்ளிவிடும், ஏனென்றால் வளைவில் நீங்கள் திசைவேகத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

9. வரைபடத்தைப் படிக்கும்போது அச்சின் பெயரை முதலில் பாருங்கள்

தூரம்-நேரம் வரைபடம் ஒருபோதும் கீழே இறங்காது. நடந்த தூரத்தைத் திரும்பிக் கழிக்க முடியாது. கோடு கீழே இறங்கினால் அது இடப்பெயர்ச்சி-நேரம் வரைபடம். அந்தச் சாய்வு கழித்தல் என்றால், எடுத்துக்கொண்ட திசைக்கு எதிராகப் போகிறார் என்று பொருள். வேகம் குறைகிறது என்று எழுதாதீர்கள்.

திசைவேகம்-நேரம் வரைபடத்தில் கோட்டுக்கும் நேர அச்சுக்கும் இடையே உள்ள பரப்பு, குறியோடு எடுத்தால், இடப்பெயர்ச்சி. 10 வினாடிக்கு +4, பிறகு 5 வினாடிக்கு −2 என்றால் பரப்புகள் +40, −10. குறியோடு கூட்டினால் இடப்பெயர்ச்சி +30 மீட்டர். குறியை விட்டுவிட்டுக் கூட்டினால் தூரம் 50 மீட்டர்.

10. திடலுக்குப் போய் நடந்து பாருங்கள்

கயிற்றில் 10 மீட்டர் அளந்து முடிச்சுப் போடுங்கள். திடலில் ஒரு மூலையில் செருப்பை வைத்து, நேராக 30 மீட்டர், அங்கிருந்து செங்கோணத்தில் திரும்பி 40 மீட்டர் அளந்து அடையாளம் வையுங்கள். ஒருவர் அந்த வழியே சாதாரணமாக நடக்கட்டும், இன்னொருவர் நேரம் பார்க்கட்டும். பொத்தானை அமுக்கும் கை சற்று முந்தும், சற்றுப் பிந்தும். அதனால் மூன்று தடவை நடந்து சராசரி எடுங்கள்.

பிறகு கயிற்றை எடுத்துச் செருப்பிலிருந்து கடைசி அடையாளம் வரை நேராக அளந்து பாருங்கள். 50 மீட்டர் வராவிட்டால் திரும்பிய மூலை செங்கோணமாக இல்லை. சரிசெய்துவிட்டு மறுபடி நடங்கள். 50 வினாடி ஆனது என்றால் சராசரி வேகம் வினாடிக்கு 1.4 மீட்டர், சராசரித் திசைவேகம் வினாடிக்கு 1.0 மீட்டர், கயிறு போன திசையில்.

கயிறு இன்னும் தரையில் கிடக்கும்போதே, நடந்தவரை அதே வழியில் திரும்பிச் செருப்பு வரை வரச் சொல்லுங்கள். அவர் வந்து நின்றதும் நேரம் பார்த்தவர், முழுப் பயணத்துக்குமான இரண்டு விடையையும் நோட்டைத் திறக்காமல் சொல்லட்டும்.